பழைய பீட்டர்பில்ட் கிட்டையும் 40 அடி ட்ரெய்லரையும் கட்டுவது எப்படி?

ஒஹையோவில் உங்கள் பக்கத்து வீட்டில் இருந்த ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநர், வீட்டைக் காலி செய்தபோது இரண்டு பெட்டிகளை உங்களிடம் கொடுத்துச் சென்றதாக எழுதியிருக்கிறீர்கள். ஒன்றில் ஏ.எம்.டி. நிறுவனத்தின் பீட்டர்பில்ட் 359 இழுவை வண்டி, அதாவது பாகங்களை வெட்டி எடுத்து ஒட்டிக் கட்டும் 1/25 அளவு பிளாஸ்டிக் மாடல் கிட், இருக்கிறது. அதன் சேஸிஸ் (அடிச்சட்டகம்) பாதி ஒட்டப்பட்டு அப்படியே விடப்பட்டிருக்கிறது. மற்றொன்றில் ஃப்ரூஹாஃப் 40 அடி ட்ரெய்லர். அதில் ஒரு பாகம்கூட இன்னும் வெட்டி எடுக்கப்படவில்லை. கார் கிட்கள் நான்கைந்து கட்டியிருக்கும் நீங்கள், இவற்றைக் கட்டலாமா, அப்படியே பாதுகாத்து வைக்க வேண்டுமா, கட்டுவதானால் எங்கே தொடங்குவது என்று கேட்கிறீர்கள்.

கட்டுங்கள் என்பதே என் பதில். பிரிக்கப்படாத பெட்டியைத் தேடுகிற சேகரிப்பாளர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு அந்த மேலுறை முக்கியம். உங்களிடம் இருப்பவை திறந்த பெட்டிகள், அவற்றில் ஒன்று தொடங்கப்பட்ட வேலை. அதற்கும் மேலாக, பெட்டிக்குள் கிடந்தால் இந்தக் கிட் கெடாமல் இருக்கும் என்பது உண்மையல்ல. பிளாஸ்டிக் பாகங்கள் பல ஆண்டுகள் கிடந்தாலும் பெரிதாக மாறப்போவதில்லை, ஆனால் வினைல் டயரும் டிகாலும் (நீரில் நனைத்து ஒட்டும் எழுத்து, படத் தாள்) குரோம் பூச்சும் ஒவ்வோர் ஆண்டும் சிறிது சிறிதாக நிலை இழந்துகொண்டே இருக்கின்றன. பழைய லாரி கிட்டைக் கட்டுகிறவருக்கு உண்மையான சவால் பாகங்களின் எண்ணிக்கை அல்ல, அந்த மூன்று பொருள்களின் வயதுதான். ஆகவே கார் கிட்டுக்குப் பழகிய கை இங்கே இரண்டு செய்திகளை மட்டும் புதிதாகக் கற்க வேண்டும்: வேலையைச் சேஸிஸிலிருந்து தொடங்குவது, பழைய பொருளைப் பழைய பொருளாகவே நடத்துவது.

முதலில் உங்கள் பெட்டி எந்தக் காலத்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஏ.எம்.டி. 1948-இல் மிச்சிகன் மாநிலத்தில் தொடங்கப்பட்டது. 'அலுமினியம் மாடல் டாய்ஸ்' என்பதன் சுருக்கமே அந்தப் பெயர். முதல் காரை அலுமினியத்தில் வார்த்தவர்கள் விரைவிலேயே பிளாஸ்டிக்குக்கு மாறிவிட்டார்கள், பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவர்கள் கனரக லாரிகளை வரிசையாக வெளியிட்டார்கள். பீட்டர்பில்ட் 359, 352 பேஸ்மேக்கர், கென்வொர்த் டபிள்யூ-925, கே-123, ஒயிட் ஃப்ரெய்ட்லைனர், ஜி.எம்.சி. ஆஸ்ட்ரோ 95, செவ்ரோலே டைட்டன் 90 என்று அந்தப் பட்டியல் நீள்கிறது. அவற்றுக்கு இணையாக ட்ரெய்லர்களும் வந்தன. 1978-இல் மேட்ச்பாக்ஸ் கார்களைச் செய்த லெஸ்னி நிறுவனம் ஏ.எம்.டி.யை வாங்கியது; 1982-இல் லெஸ்னி நொடித்துப் போனது; அந்தப் பத்தாண்டின் தொடக்கத்திலேயே ஏ.எம்.டி. அயோவா மாநிலம் டையர்ஸ்வில்லில் இருந்த எர்ட்ல் நிறுவனத்தின் கைக்கு வந்தது. இப்போது அந்த அச்சுகளைக் கொண்டு மறுவெளியீடு செய்வது இந்தியானா மாநிலம் சவுத் பெண்டில் உள்ள ரவுண்ட் 2 நிறுவனம். பெட்டியின் பக்கவாட்டில் டிராய், மிச்சிகன் என்ற முகவரியோ, மேட்ச்பாக்ஸ் அல்லது எர்ட்ல் பெயரோ இருக்கும். அதுவே உங்கள் கிட்டின் தலைமுறையைச் சொல்லிவிடும்.

இந்த வரலாறு வெறும் சுவைக்காக அல்ல. பீட்டர்பில்ட் 359-ஐயும் ஃப்ரூஹாஃப் வரிப்பலகை ட்ரெய்லரையும் ரவுண்ட் 2 மறுபடி வெளியிட்டிருக்கிறது. அதாவது, உங்களிடம் இருப்பது பொன்போல் பூட்டி வைக்க வேண்டிய ஒரே பிரதி அல்ல. ஒரு பாகம் உடைந்தாலோ டிகால் கரைந்துபோனாலோ மாற்று கிடைக்கும் என்ற நிம்மதியோடு வேலை செய்யலாம். என்னைக் கேட்டால், மறுவெளியீடு ஒன்றைக் கூடவே வாங்கிக்கொள்வது நல்லது. அதன் புதிய டிகால்களும் டயர்களும் பழைய கிட்டுக்குப் பயன்படும், மீதி பாகங்கள் பயிற்சிக்கும் உதிரிக்கும் ஆகும்.

கத்தியை எடுப்பதற்கு முன் செய்ய வேண்டிய வேலைகள் சில உண்டு. விளக்கத்தாளையும் டிகால் தாளையும் ஸ்கேனரில் வைத்து, டிகாலை மட்டும் 600 புள்ளி அடர்த்தியில், படமெடுத்துக்கொள்ளுங்கள். எளிதில் கெட்டுப்போகக்கூடியவை இந்த இரண்டு தாள்களும்தான். பிறகு விளக்கத்தாளில் உள்ள எண்களோடு பாகங்களை ஒப்பிட்டுச் சரிபாருங்கள். தொடங்கிவிட்டு நிறுத்திய கிட்டில் கண்ணாடிப் பாகமும் ஸ்டீயரிங் சக்கரமும் காணாமல் போயிருப்பது வழக்கம். அடுத்து, பாகங்கள் பிணைந்திருக்கும் பிளாஸ்டிக் சட்டத்தோடு சேர்த்தே எல்லாப் பாகங்களையும் பாத்திரம் கழுவும் சோப்பு கலந்த வெதுவெதுப்பான நீரில் பழைய பல் துலக்கியால் தேய்த்துக் கழுவுங்கள். அச்சிலிருந்து எளிதில் கழன்று வரத் தடவிய எண்ணெய்ப் பசை பாகங்களில் இன்னும் ஒட்டியிருக்கலாம்; அதன்மேல் வண்ணம் பிடிக்காது. குரோம் பாகங்களையும் டிகாலையும் மட்டும் நீரில் போடாதீர்கள்.

பாதி ஒட்டிய சேஸிஸைப் பிரிப்பதா, அப்படியே தொடர்வதா என்பது அடுத்த கேள்வி. அதை ஒரு கண்ணாடித் தகட்டின்மேல் வைத்துப் பாருங்கள். நான்கு முனைகளும் படிந்து, இரு நீள் உத்தரங்களும் இணையாக இருந்தால் தொடருங்கள். பெரும்பாலும் இருக்காது. அந்தக் காலத்துக் குழாய்ப் பசை கெட்டியானது, மெதுவாக உலர்வது. ஒட்டிவிட்டு மேசையில் வைத்ததும் சட்டகம் தானாக முறுக்கிக்கொள்ளும், உலர்ந்த பிறகு அந்த முறுக்கு நிலைத்துவிடும். பிரிப்பதற்கு நான் கையாளும் முறை, பாகத்தை ஒரு பைக்குள் இட்டு உறைபெட்டியில் இரண்டு மூன்று மணி நேரம் வைப்பது. குளிரில் பழைய பசை நொறுங்கும் தன்மை பெறும். மெல்லிய கத்தி முனையை மூட்டில் நுழைத்து மெல்லத் திருகினால் பல மூட்டுகள் விடுபடும். விடாத மூட்டை வலுக்கட்டாயமாகப் பிரிக்காமல், மெல்லிய ரம்பத்தால் அறுத்து எடுங்கள். பழைய எனாமல் வண்ணம் பூசப்பட்டிருந்தால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் ஓரிரவு ஊறவைத்துத் தேய்ப்பதே பிளாஸ்டிக்குக்குப் பாதுகாப்பான வழி. வீரியமான வண்ண நீக்கிகள் பாலிஸ்டைரீனையே கரைத்துவிடும்.

இப்போது வேலையின் மையத்துக்கு வருகிறேன். கார் கிட்டில் உடற்கூடு ஒரே வார்ப்பாக வந்துவிடும். அடித்தட்டு சிறிது கோணினாலும் உடற்கூடு அதை மறைத்துவிடும். லாரியில் மறைக்க ஒன்றுமில்லை. இரண்டு நீண்ட உத்தரங்கள், அவற்றுக்கு நடுவே குறுக்குத் துண்டுகள், அவற்றின்மேல் எஞ்சினும் கேபினும், கீழே பட்டை ஸ்பிரிங்கும் ஆக்சிலும் என உண்மை லாரி எப்படிக் கட்டப்படுகிறதோ அப்படியே இந்தக் கிட்டும் வடிவமைக்கப்பட்டிருக்கிறது. ஏ.எம்.டி. லாரிகளின் பெருமையும் தொல்லையும் இதுவே. முன் முனையில் அரை மில்லிமீட்டர் பிழை இருந்தால், பின் ஆக்சிலுக்கு வரும்போது ஒரு சக்கரம் தரையில் படாமல் தூக்கி நிற்கும். பத்துச் சக்கரமும் கண்ணாடித் தகட்டில் ஒரே நேரத்தில் படிகிறதா என்பதே முழு வேலைக்குமான தேர்வு.

ஆகவே உத்தரங்களை முதலில் தனியாக எடுத்துக் கண்ணாடியின்மேல் வைத்துப் பாருங்கள். வில்லாக வளைந்திருந்தால் சூடான நீரில் சில விநாடிகள் அமிழ்த்தி, விரலால் நேராக்கி, அப்படியே குளிர்ந்த நீருக்கு மாற்றுங்கள். பாலிஸ்டைரீன் 100 பாகை செல்சியஸ் அளவில் முற்றிலும் இளகிவிடும்; கொதிக்கும் நீரில் விட்டால் வளைவு நிமிர்வதோடு நிற்காமல் பாகமே உருமாறிவிடும். கொதித்த நீரை அடுப்பிலிருந்து இறக்கிச் சில நிமிடங்கள் ஆறவிட்டு, குறைந்த சூட்டில் இரண்டு மூன்று முறை செய்வதே சரி. பிறகு இரு உத்தரங்களையும் குறுக்குத் துண்டுகளோடு பசையின்றிப் பொருத்தி, மூலைமட்டத்தால் கோணத்தைச் சரிபாருங்கள். அமெரிக்கக் கனரக லாரிகளின் சேஸிஸ் அகலம் பெரும்பாலும் 34 அங்குலம். 1/25 அளவில் அது ஏறத்தாழ 3.5 சென்டிமீட்டர். முன் முனை, நடு, பின் முனை என்ற மூன்று இடங்களிலும் இந்த அகலம் ஒன்றாக இருக்க வேண்டும். பிடித்து வைக்கத் தனிக் கருவி தேவையில்லை. குழந்தைகள் விளையாடும் லெகோ கட்டைகளை ஒரு பலகையில் இரு வரிசையாகப் பொருத்தினால், அதைவிடத் துல்லியமான சட்டப்பிடி வேறு கிடையாது. எல்லாம் பொருந்தி நின்ற பிறகுதான் நீர்போன்ற மெல்லிய பசையைத் தூரிகையால் மூட்டில் தொட்டுவிட வேண்டும். அது தானாக இடுக்கில் ஊறிப் பிளாஸ்டிக்கை உருக்கி இணைக்கும். ஒரு குறுக்குத் துண்டு, அரை மணி நேரம், அடுத்த துண்டு என்று செல்லுங்கள். முழுச் சட்டகத்தையும் ஒரு நாள் முழுக்கப் பிடிப்பிலிருந்து எடுக்காதீர்கள். இந்த ஒரு கட்டத்தில் நீங்கள் காட்டும் பொறுமை பின்னால் பத்துக் கட்டங்களில் உங்களைக் காப்பாற்றும்.

ஸ்பிரிங்குகளையும் ஆக்சில்களையும் பொருத்தும்போது சக்கரங்களைத் தற்காலிகமாக மாட்டி, தகட்டின்மேல் வைத்தே உலரவிடுங்கள். பின்புற இரட்டை ஆக்சிலின் பசை இறுகுவதற்குள் சட்டகத்தின்மேல் ஒரு சிறு எடையை வைத்தால், எட்டுச் சக்கரங்களும் தாமாகவே தரைக்கு வந்து அமரும். பக்கவாட்டிலிருந்து பார்த்து முன் ஆக்சிலையும் சரிசெய்த பின்பு நகர்த்தாதீர்கள்.

எஞ்சினைப் பற்றி நீளமாகச் சொல்லத் தேவையில்லை. கார் எஞ்சின் கட்டியவருக்கு இது பெரிய அளவிலான அதே வேலை. நிறம் மட்டும் கவனிக்க வேண்டியது. அந்தக் காலத்தில் டெட்ராய்ட் டீசல் எஞ்சின்கள் பச்சையிலும், கேட்டர்பில்லர் மஞ்சளிலும், கம்மின்ஸ் பழுப்பு கலந்த மங்கலான வெளிர் நிறத்திலும் வந்தன. விளக்கத்தாளில் எந்த எஞ்சின் என்று குறிப்பிட்டிருக்கிறது என்பதைப் பார்த்து அதற்குரிய நிறத்தைப் பூசினால், லாரி ஓட்டியவர் ஒருவர் என்ஜின் மூடியைத் திறந்து பார்த்தாலும் முகம் சுளிக்க மாட்டார்.

குரோம் பாகங்கள் தனிப் பாடம். பிளாஸ்டிக்கின்மேல் ஒரு வார்னிஷ் படலம், அதன்மேல் வெற்றிடத்தில் ஆவியாக்கிப் படியவைத்த மிக மெல்லிய அலுமினியம், இவ்வளவுதான் அந்தப் பளபளப்பு. இந்தப் படலத்தின்மேல் பசை பிடிக்காது. பிடித்ததுபோல் தோன்றும், பின் ஒரு நாள் படலத்தோடு கழன்று விழும். எனவே ஒட்டும் இடம் ஒவ்வொன்றிலும் கத்தி முனையால் சுரண்டி வெறும் பிளாஸ்டிக்கை வெளிக்கொணர வேண்டும். எரிபொருள் தொட்டி போன்ற பாகங்கள் இரு பாதிகளாக வரும். சேர்த்தால் நடுவே ஒரு கோடு ஓடும். அந்தக் கோட்டோடு வாழ முடியாது என்றால், குரோமை முழுதும் நீக்கிவிட்டு வேலை செய்வதே வழி. வீட்டில் துணி வெளுக்கப் பயன்படும் ப்ளீச்சில் போட்டால் அலுமினியம் சில நிமிடங்களிலேயே கரைந்துவிடும். அடியில் இருக்கும் வார்னிஷ் மட்டும் எஞ்சும், அதை ஆல்கஹாலில் ஊறவைத்துத் தேய்த்து எடுக்கலாம். ப்ளீச்சையும் வேறு எந்த வேதிப்பொருளையும் ஒரே பாத்திரத்தில் கலக்காதீர்கள், நடுவில் நன்றாக நீரால் கழுவுங்கள், சன்னல் திறந்திருக்கட்டும். பிறகு இரு பாதிகளையும் ஒட்டி, கோட்டை நிரப்பப் புட்டி வைத்து, உப்புத்தாளால் தேய்த்து, பளபளப்பான கறுப்பைப் பூசி, அது முற்றிலும் காய்ந்தபின் அல்கிளாட் போன்ற உலோக வண்ணத்தை மெல்லிய படலமாகத் தெளித்தால், மெருகேற்றிய அலுமினியத் தொட்டி கிடைக்கும். உண்மையான லாரிகளில் தொட்டி மெருகேற்றிய அலுமினியமாகவே இருந்தது; கண்ணைக் கூசும் கிட் குரோமைவிட இதுவே உண்மைக்கு நெருக்கம். முகப்புக் கிரில், பம்பர், காற்று வடிகட்டி, புகைப்போக்கி ஆகியவற்றின் குரோம் நல்ல நிலையில் இருந்தால் அதை விட்டுவிடுங்கள். புகைப்போக்கியின் வாயை மட்டும் கைத்துளைப்பானால் குடைந்து, உட்புறத்தைக் கரிநிறமாக்குங்கள். அந்தச் சிறு துளைக்கு மாடலின் முழுத் தோற்றத்தையும் மாற்றும் ஆற்றல் இருக்கிறது.

டயரைப் பற்றி நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். வினைலை மென்மையாக வைத்திருக்க அதில் சேர்க்கப்படும் எண்ணெய் போன்ற பொருள் ஆண்டுக்கணக்கில் வெளியே கசிந்துகொண்டே இருக்கும். அது பாலிஸ்டைரீனைத் தொட்டால் உருக்கிவிடும். பல ஆண்டுகளுக்கு முன் நான் முடித்து அலமாரியில் வைத்த ஒரு லாரியை எடுத்துப் பார்த்தபோது, டயரும் சக்கர வளையமும் ஒன்றோடொன்று குழைந்து, இரண்டையும் பிரிக்கவே முடியாத நிலையில் இருந்தன. கட்டாமல் வைத்திருந்த வேறொரு கிட்டின் பெட்டிக்குள்ளும் இதே கதைதான்: டயர் சாய்ந்து கிடந்த இடத்தில் கேபின் கண்ணாடியில் டயரின் பள்ளம் அச்சாகப் பதிந்திருந்தது. ஆகவே முதல் நாளே டயர்களை எடுத்துத் தனிப் பையில் இடுங்கள். பொருத்தும்போது சக்கர வளையத்தின் வெளிவிளிம்புக்கு வண்ணம் பூசி நன்கு காயவிட்டு, அதன்மேல் மெல்லிய அலுமினியத் தாளை ஒரு சுற்றுச் சுற்றி, பின்பு டயரை ஏற்றுங்கள். வினைல் உலோகத் தாளை ஊடுருவாது. டயரின் நடுவே ஓடும் வார்ப்புக் கோட்டை உப்புத்தாளில் உருட்டித் தேய்த்தால், அது மறைவதோடு தரை தேய்த்த சாம்பல் நிறமும் வந்துவிடும்.

டிகால் அடுத்த கவலை. மஞ்சளேறிய தாளை ஒளிபுகும் பையில் இட்டு, வெயில் படும் சன்னலில் முகம் வெளியே பார்க்க ஒட்டிவைத்தால், சில வாரங்களில் மஞ்சள் பெரிதும் வெளுக்கும். அதன்பின், தேவையில்லாத சிறு டிகால் ஒன்றை நீரில் போட்டுச் சோதியுங்கள். உடைந்து துண்டானால், மீதமுள்ள தாள் முழுவதன் மேலும் டிகாலுக்கென்றே விற்கப்படும் திரவப் படலத்தைப் பூசிக் காயவிட்டு, ஒவ்வொரு படத்தையும் ஓரமாக வெட்டிப் பயன்படுத்த வேண்டும். முற்றிலும் பயனற்றதானால், நீங்கள் எடுத்த ஸ்கேனை வெற்று டிகால் தாளில் அச்சிட்டுக்கொள்ளலாம்; சாதாரண அச்சுப்பொறி வெள்ளை மை அச்சிடாது என்பதால், வெள்ளை எழுத்துகள் உள்ள படங்களுக்கு வெள்ளைத் தாளைத் தேர்ந்து, எழுத்தைச் சுற்றியுள்ள நிறத்தை அச்சிட வேண்டும்.

கேபினுக்கு என்ன வண்ணம் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் நான் ஒரு யோசனை சொல்கிறேன். பெட்டியின் மேலுள்ள படத்தைப் பார்த்து முடிவுசெய்வதற்கு முன், அந்தப் பெரியவருக்குத் தொலைபேசியில் பேசி, அவர் ஓட்டிய வண்டி என்ன, என்ன நிறம், கதவில் என்ன எழுதியிருந்தது என்று கேளுங்கள். பீட்டர்பில்ட் 359 வகை 1967-இல் வந்தது. சொந்த வண்டி வைத்திருந்த ஓட்டுநர்கள் அதைத் தங்கள் விருப்பப்படி இரண்டு மூன்று நிறப் பட்டைகளோடு பூசிக்கொண்டார்கள். இந்தக் கிட்டுக்கு 'கலிஃபோர்னியா ஹாலர்' என்ற பெயர் வைத்ததற்கும் காரணம் உண்டு. 1982-இல் நாடு தழுவிய சட்டம் வரும்வரை வண்டியின் முழு நீளத்துக்கு ஒவ்வொரு மாநிலமும் தனி வரம்பு வைத்திருந்தது. அந்த வரம்புக்குள் நீளமான ட்ரெய்லரை இழுக்கவேண்டுமானால், கேபினை எஞ்சினின்மேல் தூக்கிவைத்து முன்வண்டியைக் குறுக்குவதே வழியாக இருந்தது. வரம்பு தளர்வாக இருந்த மேற்கு மாநிலங்களில்தான் 359 போன்ற நீள மூக்கு வண்டி அதிகம் ஓடியது. மேலே நான் சொன்ன ஏ.எம்.டி. பட்டியலில் தட்டை முகக் கேபின்கள் இத்தனை இருப்பதற்கும் அந்தச் சட்டங்களே காரணம்.

வண்ணம் பூசும் முறையில் காருக்கும் லாரிக்கும் வேறுபாடு குறைவு. பழைய பிளாஸ்டிக் சில சமயம் வீரியமான லாக்கரில் சுருங்கி மேற்பரப்பில் நுண்வெடிப்பு காட்டும். எனவே பிரைமரை மெல்லிய மூன்று படலங்களாகத் தெளித்த பிறகே நிறத்தைப் பூசுங்கள். வெளிர் நிறத்தை முதலிலும் அடர் நிறத்தைப் பிறகும் பூசினால் பட்டையின் ஓரம் சுத்தமாக வரும். கண்ணாடிப் பாகங்களுக்கு உடனடிப் பசையைக் கிட்டவே கொண்டுபோகாதீர்கள். அதன் ஆவி கண்ணாடியில் வெண்புகையாகப் படியும். மரத்துக்குப் பயன்படும் வெள்ளைப் பசையே போதும், உலர்ந்தால் தெரியாது.

இனி ட்ரெய்லர். இதை எளிய பெட்டி என்று நினைத்துத் தொடங்கி, பாதியில் கைவிட்டவர்கள் பலர். 40 அடி என்பது 1/25 அளவில் 48.8 சென்டிமீட்டர், அகலம் 8 அடி, அதாவது 9.8 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. இந்த நீளத்தில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் சுவர் நேராக நிற்க விரும்பாது. நடுப்பகுதி உள்நோக்கி வளையும். கூரையை ஒட்டும்போது அங்கே இடைவெளி விழும். அதைப் புட்டியால் நிரப்பித் தேய்த்தால் பக்கச் சுவரின் வரிமேடுகள் அழியும். அந்த வரிமேடுகள்தான் ஃப்ரூஹாஃப் வரிப்பலகை ட்ரெய்லரின் முகம். ஒருமுறை தேய்ந்தால் திரும்ப உருவாக்குவது மிகக் கடினம். ஆகவே இடைவெளியே விழாதபடி கட்ட வேண்டும்.

அதற்கு வழி, உள்ளே மறைந்து நிற்கும் தடுப்புகள். ட்ரெய்லரின் தரைப்பாகத்தின் உள் அகலத்தைத் துல்லியமாக அளந்து, ஒன்று அல்லது ஒன்றரை மில்லிமீட்டர் தடிமனுள்ள பிளாஸ்டிக் தகட்டில் மூன்று தடுப்புச் சுவர்களை மூலைமட்டம் வைத்து வெட்டி, ஏறத்தாழ 12 சென்டிமீட்டருக்கு ஒன்றாக நிறுத்துங்கள். பின்கதவுகளைத் திறந்து காட்ட விரும்பினால் கடைசித் தடுப்பை மட்டும் உள்ளே தள்ளி வையுங்கள். தரையை முதலில் கண்ணாடித் தகட்டின்மேல் ஒட்டும் பட்டையால் அசையாமல் பிடித்து, தடுப்புகளை ஒட்டி, முன் சுவரை நிறுத்தி, பக்கச் சுவர்களை முன்மூலையிலிருந்து பின்நோக்கி ஒரு கைச்சாண் நீளத்துக்கு ஒட்டி உலரவிட்டு, பின் அடுத்த சாண் என்று நகருங்கள். முழு நீளத்தையும் ஒரே மூச்சில் ஒட்ட முயன்றால், பின்முனைக்கு வரும்போது முன்முனை விலகியிருக்கும். கூரை எப்போதும் கடைசி. மூட்டில் எங்கேனும் மயிரிழை இடைவெளி தெரிந்தால், புட்டிக்குப் பதிலாக, ஸ்ப்ரூத் துண்டுகளை (பாகங்களைத் தாங்கிவந்த பிளாஸ்டிக் சட்டத்தின் துண்டுகளை) மெல்லிய பசையில் கரைத்த குழம்பை ஊசிமுனையால் வையுங்கள். அது பிளாஸ்டிக்காகவே இறுகும், தேய்க்க வேண்டிய பரப்பும் குறையும்.

அலுமினியச் சுவருக்கு வண்ணம் தேர்ந்தெடுக்கும்போது உலோகத் துகள் நுண்ணியதாக இருக்க வேண்டும். கடையில் கிடைக்கும் பெரும்பாலான வெள்ளி வண்ணங்களின் துகள் இந்த அளவுக்கு மிகப் பெரியது; வரிமேட்டின்மேல் சொரசொரப்பாகத் தெரியும். பலகைக்குப் பலகை சிறிது நிற வேறுபாடு காட்டினால் சுவர் உயிர்பெறும், ஆனால் மிகச் சிறிய வேறுபாடாக இருக்கட்டும். அழுக்கு சேர்ப்பதும் அப்படியே. புகைப்போக்கியை ஒட்டிய மேல் முன்பகுதியிலும், சக்கரம் நீர் வாரியடிக்கும் பின் கீழ்ப்பகுதியிலும் மட்டும் மென்மையாகச் சேர்த்தால் போதும். முழுவதும் பூசினால் கைவிடப்பட்ட வண்டிபோல் ஆகிவிடும்.

இரண்டையும் இணைக்கும் கட்டத்தில் ஒரு பிழை எங்கும் காணப்படுகிறது: ட்ரெய்லர் மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்பது. சாலையில் ஓடும் ட்ரெய்லர் கிடைமட்டமாகவே நிற்கும். முன்வண்டியில் கிங்பின் (ட்ரெய்லரின் அடியில் நிற்கும் இணைப்பு முளை) அமரும் தட்டின் உயரம் உண்மையில் ஏறத்தாழ 47 அங்குலம். மாடலில் தரையிலிருந்து 4.8 சென்டிமீட்டர் அளவு வரவேண்டும். தட்டை ஒட்டுவதற்கு முன் ட்ரெய்லரை அதன்மேல் ஏற்றி, கூரையில் சிறு ரசமட்டம் ஒன்றை வைத்துப் பாருங்கள். உயர்ந்திருந்தால் தட்டின் அடிப்பகுதியை அரத்தால் தேயுங்கள், தாழ்ந்திருந்தால் தகடு வைத்து உயர்த்துங்கள். ட்ரெய்லரின் முன்கால்களையும் இந்த அளவு முடிந்த பின்பே பொருத்துங்கள். அவைதாம் முதலில் உடைகிற பாகம் என்பதால், உள்ளே மெல்லிய பித்தளைக் கம்பி ஒன்றைச் செருகிவிடுவது நல்லது. தட்டின்மேல் கறுப்புக் கிரீஸ் போன்று சிறிது பளபளப்பான கறுப்பைத் தடவுங்கள். கேபின் பின்னாலிருந்து ட்ரெய்லருக்குச் செல்லும் காற்றுக் குழாய்கள் இரண்டு: அவசர இணைப்பு சிவப்பு, சாதாரண பிரேக் இணைப்பு நீலம், மூன்றாவது மின் கம்பி. மின்சாதனக் கடைகளில் கிடைக்கும் மெல்லிய உறையிட்ட கம்பியைப் பென்சிலில் சுற்றி எடுத்தால் சுருள் தானாகவே கிடைக்கும்.

உங்கள் ட்ரெய்லருக்கு வேறு முன்வண்டியையும் பின்னால் தேடுவீர்கள் என்று எதிர்பார்க்கிறேன். அப்போது அளவைக் கவனியுங்கள். இத்தாலிய நிறுவனமான இத்தாலெரியின் ஐரோப்பிய லாரிகள் 1/24 அளவில் வருபவை. அதே 40 அடி அந்த அளவில் 50.8 சென்டிமீட்டராகும். இரண்டு சென்டிமீட்டர் வேறுபாடு எண்ணாகப் பார்க்கும்போது சிறிது, பக்கத்தில் நிறுத்தும்போது கண்ணுக்குத் தெரியும்.

முடித்த வண்டியை வெயில் படாத அலமாரியில், சக்கரங்களின் சுமை குறையும்படி ஆக்சிலுக்கு அடியில் சிறு மரத்துண்டு கொடுத்து வையுங்கள். டயர் படும் இடத்தில் அலமாரிப் பலகைக்கு வண்ணம் பூசியிருந்தால் ஒரு கண்ணாடித் துண்டை அடியில் இடுங்கள். வினைலின் எண்ணெய் அந்த வண்ணத்தையும் விட்டுவைக்காது. ஆண்டுக்கு ஒருமுறை ஒரு டயரைச் சிறிது திருகிப் பாருங்கள். சுழன்றால், அலுமினியத் தாள் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது.